மகளுக்கு இரண்டாமிடம், அப்பாவுக்கு வயிற்றெரிச்சல்

கேள்வி: ஐயா, நான் விசுவமடுப் பக்கம் தோட்டம் செய்பவன். மகளுக்கு 21 வயது. சின்ன வயதில் என்னோடு இருந்து ரேடியோவில் மட்ச் கேட்பாள். பிறகு சோளப்பொத்தியை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு அப்படியே சொல்லிக் காட்டுவாள். இப்போது எங்கள் கழகச் சுற்றுப்போட்டிகளில் மைக் பிடிப்பது அவள்தான். ஒரு தொலைக்காட்சி நடத்திய விளையாட்டு வர்ணனையாளர் தேடலில் இறுதிச் சுற்று வரை போனாள். இரண்டாமிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வென்றது கொழும்புப் பெடியன். நடுவர் ஒருவர், "உங்கட கதையில வன்னி மணம் கூட, எல்லாருக்கும் சரிவராது" என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஊர்ச்சனம் முழுக்க போனுக்கு ரீலோட் போட்டு எஸ்.எம்.எஸ். வாக்கு அனுப்பினது. நான் கடன்பட்டுப் போட்டேன். பெடியள் முகநூலில் வென்றவனைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். மகள் "நான் ரெண்டாவது கோலைப் பிழையாச் சொன்னனான் அப்பா" என்றதோடு சரி, அதற்குமேல் கதையில்லை. அடுத்த மாதம் கழகச் சுற்றுப்போட்டி. கூப்பிட்டால் வரமாட்டாளாம். தொலைக்காட்சிக்கு எதிராக முறைப்பாடு கொடுக்கலாமா? இந்தத் துறையே வேண்டாம், படிப்பைப் பார் என்று சொல்லவா?

பதில்: அண்ணை, வணக்கம். கடிதம் நீளம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். வாக்கு, நடுவர், தொலைக்காட்சிக்காரர், கொழும்பு, கடன் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். மகள் சொன்னது ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இறுதிச் சுற்றை யூடியூப்பில் பார்த்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு உதைபந்தாட்டத் துண்டைப் போட்டு, மூன்று பேரையும் தனித்தனியாக வர்ணிக்கச் சொன்னார்கள். உங்கள் மகள் முதல் கோலைச் சொன்ன விதம் அருமை. பந்து நடுக்கோட்டில் பறிபட்ட உடனேயே குரலை மெதுவாக ஏற்றத் தொடங்கி, வலைக்குள் போகும்போதுதான் உச்சிக்குக் கொண்டுபோனாள். மற்ற இருவரும் பந்து நடுக்கோட்டில் நிற்கும்போதே கத்தத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஃபிரீ கிக். பந்து வளைந்து வந்தது, கூட்டத்துக்குள் ஒருவன் தலையால் தட்டிவிட்டான், கோல். மகள் உதைத்தவன் பெயரைச் சொல்லிவிட்டாள். திரையில் தட்டியவனை மற்றவர்கள் கட்டிப்பிடிக்கிறார்கள். அதைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. திருத்தவும் செய்தாள். ஆனால் குரல் இறங்கிப்போயிற்று. கடைசி வரை அது ஏறவில்லை.

வென்ற பையனும் பிழை விட்டான். கோணர் கிக்கை ஃபிரீ கிக் என்றான். "இல்லை, கோணர்" என்று இரண்டு சொல்லில் திருத்திவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விட்டான். நான் நடுவர் மேசையில் இருந்திருந்தாலும் முதலாம் இடத்தை அவனுக்குத்தான் கொடுத்திருப்பேன். மயிரிழை வித்தியாசம், ஆனாலும் அவனுக்குத்தான். இதை வாசிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரும். மகளுக்கு வராது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவளுக்கு இது முன்பே தெரியும்.

பெயர் பிழைப்பது இந்தத் தொழிலில் ஆகப் பொதுவான பிழை. தொலைக்காட்சியில் மட்ச் சொல்பவர்களுக்கு ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே அணிப் பட்டியல் கைக்கு வந்துவிடும். அவர்கள் வீரர்கள் உடம்பைச் சூடாக்கும்போதே போய் நின்று பார்ப்பார்கள்: யாருக்கு நீட்டு முடி, யார் மஞ்சள் சப்பாத்து, யார் முழங்காலில் துணி சுற்றியிருக்கிறான், யார் ஓடும்போது தோள் சரிகிறது. எண் தெரியாத கோணத்தில் அதுதான் கைகொடுக்கும். போட்டியில் உங்கள் மகளுக்கு இது எதுவும் கிடைக்கவில்லை. சரி, மற்ற இருவருக்கும்தான் கிடைக்கவில்லை. கூட்டத்துக்குள் போன பந்துக்கு "கோல்!" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு மூச்சு பொறுத்திருக்க வேண்டும். அடித்தவன் யார் என்பதை அவனுடைய கூட்டாளிகளே ஓடிவந்து காட்டிவிடுவார்கள்.

ஜோன் ஸ்னாக் என்று பிபிசியில் ஒருவர் இருந்தார். தேம்ஸ் ஆற்றில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் ஓடும் படகுப் போட்டியை வானொலியில் சொல்பவர். 1949இல் அவர் இருந்த படகின் இயந்திரம் நடு ஆற்றில் நின்றுபோனது. போட்டிப் படகுகள் தூரத்துக்குப் போய்விட்டன. நேரடி ஒலிபரப்பு, மௌனமாக இருக்க முடியாது. யார் முன்னால் போகிறார்கள் என்று தெரியவில்லை, ஒன்று ஒக்ஸ்போர்ட் இல்லாவிட்டால் கேம்பிரிட்ஜ் என்று சொல்லிவிட்டார். ஓடியதே அந்த இரண்டு படகுதான்! இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1931இல் தொடங்கிய அந்த மனிதர் 1980 வரை அதே போட்டியைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கதையை மகளிடம் சொல்லுங்கள். சிரித்தாள் என்றால் பாதிக் காரியம் முடிந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன், நடுவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. அவள் வானொலி கேட்டு வளர்ந்தவள். வானொலிக்காரன் நாலு விநாடி வாயை மூடினால் கேட்பவனுக்கு ஆட்டமே இல்லாமல் போய்விடும், அதனால் அவன் இடைவெளி விடாமல் சொல்லுவான். தொலைக்காட்சியில் பந்து போவதைச் சனம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே திரையில் தெரியாததைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும். ரிச்சி பெனோ அவுஸ்திரேலியக் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்து, பிறகு வர்ணனைக்கு வந்தவர். தொலைக்காட்சியில் அவர் பெயர் நிலைத்ததற்கு அவர் விட்ட மௌனமும் ஒரு காரணம். உங்கள் மகள் அந்தத் துண்டு முழுக்க மூச்சு விடாமல் சொன்னாள். வானொலி என்றால் முழுப் புள்ளி போட்டிருப்பேன். இது திருத்தக்கூடியது.

இப்போது வன்னி மணம். அண்ணை, உங்களுக்கு ஆக வலித்தது இதுதான் என்று தெரிகிறது. நடுவர் அப்படிச் சொன்னது சரியில்லை. ஆனால் அவர் காதில் ஏதோ இடறியது உண்மை, அதற்கு அவர் பிழையான பெயர் வைத்துவிட்டார். வேகம் கூடும்போது உங்கள் மகள் சொற்களின் கடைசி எழுத்துகளை விழுங்குகிறாள். "அடித்தார்", "அடித்தான்", "அடித்தாள்" எல்லாம் ஒன்றுபோலக் கேட்கிறது. ல, ள, ழ மூன்றும் அமைதியாகக் கதைக்கும்போது தெளிவாக இருக்கிறது, ஓட்டத்தில் கலந்துபோகிறது. மூச்சை எங்கே எடுப்பது என்று பழகாததால் வருவது இது. கொழும்பில் பிறந்த பிள்ளைக்கும் வரும், மட்டக்களப்பில் பிறந்த பிள்ளைக்கும் வரும். இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள், எந்த வேகத்திலும் ஒரு எழுத்தும் விழுவதில்லை. அதே வானொலியில் இருந்த கே.எஸ். ராஜா அதைவிட வேகம், ஆனாலும் சொல் உடையாது. அவள் படிக்க வேண்டியது அதை.

மற்றது, அந்த இழுவை, அந்த ஏற்ற இறக்கம், கிட்ட இருந்து கதை சொல்வது மாதிரியான தொனி, அதைத் தொடக்கூடாது. ஆயிரம் பேர் ஒரே குரலில் சொல்லும் தொழிலில் அவளை ஆள் தெரியவைப்பது அதுதான். ஜோன் ஆர்லட் இங்கிலாந்தின் கிரிக்கெட் வர்ணனையில் ஆகப் பெரிய பெயர். முதலில் சவுதாம்டன் பொலிஸில் வேலை பார்த்தவர். ஹாம்ப்ஷயர் நாட்டுப்புறப் பேச்சு அவருக்கு. பிபிசியில் வெளிக்கள ஒலிபரப்புக்குப் பொறுப்பாக இருந்தவரே அவரிடம், குரல் நயமில்லாதது, ஆனால் மனம் சுவாரசியமானது என்ற கருத்தில் சொன்னாராம். ஆர்லட் அந்தப் பேச்சோடேயே 1946 தொடங்கி 1980 வரை சொன்னார். ஊர்ப்பேச்சை மாற்றிக்கொண்டிருந்தால் அவரை யாருக்கு நினைவிருக்கும்?

தொலைக்காட்சியில் எழுத்துநடைக்குக் கிட்டவாகவும், கழக மைதானத்தில் ஊர்ப்பேச்சிலும் சொல்லப் பழகினால் போதும். எங்கள் அறிவிப்பாளர்கள் வழமையாகச் செய்வதுதான் அது. புதிதாக ஒன்றும் இல்லை.

வாக்கு விஷயத்தில் மனதை ஆற்றிக்கொள்ளக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டமும் சேர்ந்து 2 இலட்சத்துச் சொச்சம் பேர். யாழ்ப்பாண மாவட்டம் மட்டும் 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். கொழும்பு மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களுமாகத் தமிழ் பேசுகிறவர்கள் இன்னும் சில இலட்சம். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற உங்கள் சொந்தக்காரர் ஆசைப்பட்டாலும், இப்படியான குறுந்தகவல் எண்கள் பெரும்பாலும் நாட்டுக்குள்ளேதான் வேலை செய்யும். எல்லாரும் தங்கள் ஊர்ப்பிள்ளைக்கே போட்டார்கள் என்று வைத்தாலும், நீங்கள் தோட்டத்தை விற்று ரீலோட் போட்டாலும் எட்டாது. அப்படியிருந்தும் உங்கள் மகள் இரண்டாவதாக வந்திருக்கிறாள். அப்படியென்றால் உங்களைத் தெரியாத ஊர்களிலிருந்தும் யாரோ போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பட்ட கடனைப் பற்றி ஒன்று மட்டும்: அதை அவள் காதில் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இனிமேல் வேண்டாம்.

முறைப்பாடு வேண்டாம். விண்ணப்பத்தில் எழுதியிருந்த விதியை அவர்களே மீறியிருந்தால் கதை வேறு; உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் மகள் கையெழுத்து வைத்த ஒப்பந்தப் பிரதியை எடுத்து, சட்டம் தெரிந்த ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் இத்தனை மாதத்துக்கு வேறு தொலைக்காட்சி, வானொலியில் பேசக்கூடாது என்று ஒரு பந்தி சிலவேளை இருக்கும். யாரும் வாசிப்பதில்லை. வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது வில்லங்கம்.

முகநூல் பெடியளை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். வென்ற பையன் இருபத்தைந்து வயதைத் தாண்டாத பிள்ளை, அவனுக்கும் ஒரு அம்மா அந்தப் பதிவுகளை வாசித்துக்கொண்டிருப்பார். தமிழில் விளையாட்டு வர்ணனை செய்பவர்கள் இந்த நாட்டில் ஒரு சிற்றுண்டிச்சாலை மேசையைச் சுற்றி இருத்திவிடக்கூடிய அளவுதான். நாளைக்கு ஒரே மட்சுக்கு இவளும் அவனும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டி வரும். அப்போது இந்தப் பதிவுகள் இவளுக்குத்தான் பாரமாக இருக்கும்.

அதோடு, அந்தப் பையனுக்குக் கிடைத்ததையும் பெரிதாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஈ.எஸ்.பி.என். 2004இல் இதே மாதிரி ஒரு போட்டி நடத்தியது, 'ட்ரீம் ஜொப்' என்று. பரிசு, அந்தத் தொலைக்காட்சியில் ஒரு வருட ஒப்பந்தம். வென்றவர் மைக் ஹோல் என்ற பல்கலைக்கழகப் பையன். அவர் அடுத்த வருடம் அதே நிறுவனம் தொடங்கிய கல்லூரி விளையாட்டு அலைவரிசைக்குப் போனார், 2007இல் வேறொரு அலைவரிசைக்குப் போனார். நல்ல தொழில்தான், ஆனால் உலகம் தலைகீழாகவில்லை. அதே போட்டியில் வெல்லாமல் போன ஆரன் லெவின், சியாட்டில் நகரத் தொலைக்காட்சியில் பல வருடம் விளையாட்டுச் செய்தி சொன்னார். அந்த நகரத்து ரசிகர்களுக்கு அவர்தான் பழகிய முகம். அந்தப் போட்டி மூன்றாம் தடவை நடந்ததோடு, 2005இல் நின்றுபோனது.

நீங்கள் எழுதாத ஒன்று. அந்தக் காணொளிக்குக் கீழே சிலர், பொம்பிளைப் பிள்ளைக்கு உதைபந்து என்ன தெரியும் என்று எழுதியிருந்தார்கள். மகள் அதை வாசித்திருப்பாள், உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். பிபிசியின் 'மட்ச் ஒவ் த டே' என்ற உதைபந்தாட்ட நிகழ்ச்சியில் முதன்முதலாக ஒரு பெண் மட்ச் சொன்னது 2007இல்தான். ஜாக்கி ஓட்லி என்று பெயர். அவர் வாய் திறக்கும் முன்பே பத்திரிகைகளில் சண்டை நடந்தது. அவர் தொடங்கியது ஒரு ஆஸ்பத்திரி வானொலியில், நோயாளிகளுக்காக. இங்கிலாந்திலேயே அந்தப் பாடு என்றால் முல்லைத்தீவு மாவட்டத்துக் கழக மைதானத்தில் ஏற்கெனவே மைக் பிடித்துவிட்ட உங்கள் மகள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று பாருங்கள். அதற்கு விட்டது நீங்கள்தான்.

படிப்பா, இதுவா என்று கேட்டால், இரண்டும்தான். வர்ணனையில் மாதச் சம்பளம் கிடைப்பவர்கள் குறைவு; பெரும்பாலும் மட்சுக்கு இவ்வளவு என்றுதான் கொடுப்பார்கள். மழைக்கு மட்ச் நின்றால் அதுவும் இழுபறி. கைக்கு ஒரு தொழில் இருக்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் இருக்கிறது, வெட்டுப்புள்ளி இடம் கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் குடி முழுகாது. பழகுவதற்கு வன்னியில் இடமா இல்லை? தை பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டி. ஒரு ஓட்டத்தில் ஆறு ஏழு பிள்ளைகள், ஆறு ஏழு பெயர், பத்துப் பதினைந்து விநாடி, பெயர் பிழைத்தால் தாய்மார் மைக்கடிக்கே வந்துவிடுவார்கள். இதைவிட நல்ல பயிற்சி எந்தத் தொலைக்காட்சியும் தராது. பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரைப் போய்ச் சந்திக்கட்டும். பிரதேச விளையாட்டு விழா, மாவட்டம், மாகாணம் என்று படிப்படியாகப் போகும், ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பாளர் தேவை. கரப்பந்தில் எங்கள் பக்கம் ஆடும் 'ஓவர் கேம்' வகையைச் சொல்லிப் பழகினால் வேகம் வரும். மாட்டுவண்டிச் சவாரி சொல்லத் தெரிந்தவர் எதையும் சொல்லலாம் என்பது என் கட்சி.

வீட்டில் செய்வதற்கு ஒன்று: டிவியில் மட்சைப் போட்டுச் சத்தத்தை நிறுத்திவிட்டுச் சொல்லி, கைத்தொலைபேசியில் பதிந்து, அன்றைக்கே கேட்காமல் அடுத்த நாள் கேட்க வேண்டும். அன்றைக்குக் கேட்டால் பிழை காதில் விழாது. அமெரிக்க பேஸ்போல் வர்ணனையாளர் ரெட் பார்பர், முட்டை அவிக்க நேரம் பார்க்கும் மூன்று நிமிட மணற்கடிகாரத்தை முன்னால் வைத்திருப்பார். மணல் இறங்கி முடியும்போதெல்லாம் புள்ளி நிலவரம் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். மகளுக்குத் தொலைபேசியில் அலாரம் போதும். ஆட்டம் சூடு பிடித்தால் அவள் புள்ளி சொல்ல மறந்துவிடுகிறாள்.

அடுத்த மாதச் சுற்றுப்போட்டிக்கு வா என்று நீங்கள் வற்புறுத்த வேண்டாம். கழகச் செயலாளரைக் கொண்டு கேட்பியுங்கள், அதுவும் முழு நாளுக்கு வேண்டாம். ஒரு மட்ச், அதிலும் முதல் பாதி மட்டும். அணிப் பட்டியலை முதல் நாள் பின்னேரமே வீட்டில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள், இலக்கத்தோடு. ஒரே ஜேர்சியை இரண்டு பேர் மாறி மாறிப் போடும் வேலை அன்றைக்கு வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பக்கத்தில் அணிகளைத் தெரிந்த ஒரு தம்பியை இருத்துங்கள், கோல் போட்டவனைக் கையால் காட்ட. பெரிய ஒலிபெருக்கியில் சொன்னது எதிரொலித்துத் திரும்பி வரும், ஆகவே வசனம் சின்னதாக இருக்கட்டும்.

நீங்கள் அன்றைக்கு மைக் மேசைக்குப் பக்கத்தில் நிற்காமல் கோல் கம்பத்துப் பக்கம் போய் நில்லுங்கள், அண்ணை. பதிவை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிழைத்த இடங்களை வெட்டாமல் அப்படியே வரட்டும், அதைக் கேட்டுவிட்டு அவளுக்கே நேரடியாக எழுதுகிறேன்.